நான்காம் கேள்வி

நான்காம் கேள்வியில் சறுக்கினேன்.
'உங்களிடம் எத்தனை பனிமான்கள்?'

ஹெய்க்கா கத்தியை உறையில் செருகிவிட்டு
அடுப்புக்குள் ஒரு பிர்ச் கட்டையைத் தள்ளினார்.
'உன் வங்கிக் கணக்கில் எவ்வளவு?'
கோபமில்லை அந்தக் குரலில்.
காப்பியில் ஊறிய பாலாடைத் துண்டைக் கரண்டியால் எடுத்து
என் கோப்பையில் போட்டார், சாப்பிடு என்று.

மீதம் முப்பத்தெட்டுக் கேள்விகள்
என் மடியில் கிடந்தன,
ஹெல்சின்கியில் அச்சடித்து, மூலையில் கம்பி குத்தி.
அட்டையில்: நியாயமான சுற்றுலா, தேவைகள் ஆய்வு.
ரிஸ்தென் அதை வாங்கி
'தேவை' என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டே
ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஏரிக்கு அக்கரையில் கண்ணாடிக் குடில்கள்.
வடக்கொளி பார்க்கப் படுத்தபடியே காசு கட்டுகிறவர்கள்.
வாசலில் வரவேற்கிற பையன் தெற்கத்தி மாணவன்,
நாலு முனைத் தொப்பி, நீலச் சட்டை.
சட்டையின் பட்டையைப் பார்த்ததும்
எந்தக் குடும்பம், எந்த ஆற்றுக்காரன்
என்று தெரிய வேண்டும், என்றாள்.
அவன் பட்டையில் தெரிவது
ஒரு கிடங்கின் முகவரி.

பிறகு, யாரும் கேட்காமலே, மே மாதத்தைச் சொன்னாள்.
ஈரம் காயாத கன்று.
தலைக்குமேல் ரீங்காரமிடும் சின்ன எந்திரம்.
தாய் ஓடிய ஓட்டம்,
இரண்டு வேலி தாண்டி,
திரும்பவில்லை.
படம் நன்றாக வந்திருந்ததாம்.
ஒன்பதாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்களாம்.
கன்றை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டேன்.
அது என் தாளில் இல்லாத கேள்வி.
அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை.

'சாயங்காலம் கூட்டம். நீ வேண்டாம்.'
உப்பை நகர்த்துகிற மாதிரி சொன்னாள்.

பள்ளிக்கூடப் படியில் மூன்று மணி நேரம்.
உள்ளே குரைத்ததற்காக வெளியேற்றப்பட்ட நாய் ஒன்றும்
நானும்.
பேனாவில் மை உறைந்துவிட்டது.
எழுத ஒன்றும் இருக்கவும் இல்லை.
கதவுக்குப் பின்னால் ஒருமுறை சிரிப்பு,
ஒருமுறை நாற்காலி விழுந்த சத்தம்,
நெடுநேரம் ஓர் இளங்குரல் மட்டும்.
அந்த மொழி எனக்குத் தெரியாது.
சண்டை என்பது புரிந்தது.
நாய் என் பூட்சின்மேல் தலை வைத்தது,
பாசத்தால் அல்ல, சூட்டுக்காக.

தாள் திரும்பி வந்தபோது
நாற்பத்திரண்டில் மூன்று மிஞ்சியிருந்தன.
பின்பக்கம் பென்சிலில்:
ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதிவரை எவரும் வரக்கூடாது.
மற்றபடி வாரத்துக்கு எட்டுப் பேர்.
படுக்கைக் காசு, படுக்கை விரித்தவருக்கு.
உடுப்பைப் பற்றி யாரும் கேட்டால்
உடுத்தியவரே பேசுவார், விருப்பமிருந்தால்.
இந்த ஆய்வை முதலில் வாசிக்கப்போவது நாங்கள்.

அதற்குக் கீழே வேறு கையெழுத்து,
தாள் கிழியும்படி அழுத்தி:
எட்டு போதாது. நான் தெற்கே போகமாட்டேன். ஆந்தே.

'இதையும் சேர்க்கலாமா?' என்றேன்.
'அழித்தாயானால் மற்றதையும் அழி' என்றாள் ரிஸ்தென்.
ஆந்தே அவள் தம்பி என்று
பேருந்தில் ஏறிய பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

அலுவலகக் கணினியில்
'தேவை' என்ற கட்டத்தைத் தட்டினால்
சாலை, கழிப்பறை, பயிற்சி, விளம்பரம்
என்று ஒரு பட்டியல் இறங்குகிறது.
'வராதிருத்தல்' அதில் இல்லை.
'இதர' என்பதைத் தேர்ந்தேன்.
அறுபது எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது.
பென்சில் தாளைப் படமெடுத்து இணைத்தேன்,
கிழிசலோடு.

நான்காம் கட்டம் ஏன் காலி என்று
மேலாளர் கேட்டார்.
உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு
என்று கேட்க வாயெடுத்து,
காப்பி குடிக்கிறீர்களா
என்றுதான் கேட்டேன்.