சில்லறைக்குக் கழுத்து திரும்பிய நாட்கள்

முதல் நாள் அது கம்பைக் கொத்தியது.
கம்பு அங்கே இல்லை.
இரண்டு விரற்கடை தள்ளிக் கிடந்தது.
மறுபடி கொத்தியது, மறுபடி சிமெண்டுத் தரை,
டொக் டொக் என்று
ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுகிற தபால்காரர் போல.

சில்லறை என்று பெயர்.
கொலுசுக்குக் கண்ணி கோத்த கூலியில் மிஞ்சியதை
ஒற்றை ரூபாயாக எண்ணிக் கொடுத்து
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினேன்.
கர்ணப் புறா.
மேலே போய்ப் புள்ளியாகி
அங்கிருந்து பின்பக்கமாகக் கரணம் போட்டுக்கொண்டே இறங்கும்.
போன மாசியில் ஒரே இறக்கத்தில் ஒன்பது.
சிவதாபுரத்து மாடிகளில் விசில் பறந்தது.
வெள்ளி எடை எழுதும் நோட்டின் முன்பக்கம்
தேதி போட்டு ஒன்பது என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது அதே கழுத்து
தரையில் நின்றபடி திரும்புகிறது.
அலகு வானத்துக்கு, உச்சந்தலை முதுகுக்கு.
ஒரு கண் என்னைத் தலைகீழாகப் பார்க்கிறது.
தண்ணீர் குடித்து மாளவில்லை அதற்கு.

"கண்ணு பட்டிருச்சு"
எலுமிச்சம்பழத்தை நறுக்கினாள் கீழ்வீட்டு மங்கையர்க்கரசி.
"வெள்ளக்கல்லுக் குவாரியில வெடி வெக்கறாங்கல்ல, அந்த அதிர்ச்சி"
இது அவள் வீட்டுக்காரர்.
பந்தயக்கார ஜமாலுதீன்
புறாவின் கழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
"தானாத் திருகிக்கிட்டா நாமளும் திருகிடணும்மா.
மத்ததுக்கும் தொத்தும்."
அவர் விரல்கள் ஏற்கெனவே
அந்த வேலைக்கான வளைவில் இருந்தன.

கொடுக்காததற்குப் பெரிய காரணம் இல்லை.
கையில் ஒரு சரம் பாதியில் இருந்தது.
விட்டால் கண்ணி உதிரும்.
அப்புறம் வாங்க என்றேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால்
ஒரு சினை எருமை, காலொடிந்த வெள்ளாடு,
மஞ்சள் பையோடு நான்.
பைக்குள் குனுகல்.
டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதுவே பெரிய ஆறுதல்.
வைரஸாம், நரம்பில் ஏறியிருக்காம்.
மருந்து இல்லை, தானே தேறலாம், தேறாமலும் போகலாம்.
"தனியா வைங்க. ஆழமான கிண்ணத்துல நிறையத் தீனி போடுங்க,
எங்க கொத்துனாலும் வாயில ஏதாச்சும் வரட்டும்.
பயந்தா அதிகமாத் திருகும்."

நோட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.
ஊதுகுழல் சீறினால் ஒரு சுற்று.
பாலீஷ் மோட்டார் போட்டால் ஒன்றரை.
மங்கையர்க்கரசி குக்கர், ஒன்று.
மாடிப்படியில் என் செருப்பு, மூன்று.

மூன்று.
இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அதற்குப் பிறகு வெறுங்காலில் ஏறினேன்.
கூண்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கண்ணி கோத்தேன்.
பார்க்காமலும் இருக்க முடியாதே,
குழம்புக் கரண்டியைத் தோளுக்கு மேல் பிடித்தேன்.
கரண்டிக் குழியில் சேலமே கவிழ்ந்திருந்தது,
ஏற்காட்டு மலை மேலிருந்து தொங்கியது,
தண்ணீர்த் தொட்டிகள் வானத்தில் முளைத்திருந்தன.
சில்லறையின் தலை மட்டும்
நேராக இருந்தது.

ஆகாயத்தில் திரும்பினால் விசிலடித்தோம்.
தரையில் திரும்பினால் கழுத்தைக் கேட்கிறோம்.
அதற்கு எப்படித் தெரியும்
எங்கே திரும்பினால் எங்களுக்குப் பிடிக்கும் என்று.

கிண்ணம் வேலை செய்தது.
தப்பாகக் கொத்தினாலும் கம்பு, சரியாகக் கொத்தினாலும் கம்பு.
நான்காவது வாரம் பாதி நேரம் நேராக நின்றது.
குவாரி வெடித்த அன்று மறுபடி பழையபடி.
மற்ற புறாக்களில் ஒன்று போய்விட்டது,
அதையும் சொல்ல வேண்டும்.
ஜமாலுதீன் சொன்னது முழுப் பொய்யில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் கதவு திறந்திருந்ததோ,
நான்தான் சாத்தாமல் விட்டேனோ.
சில்லறை விளிம்பில் நின்று,
ஒரு பக்கமாகச் சாய்ந்து, போனது.
ஜமாலுதீன் வீட்டுத் தொட்டிக்கு மேலே,
கறிவேப்பிலை மர உயரம்கூட ஏறவில்லை,
பின்பக்கமாக ஒரு கரணம்.
ஒன்றே ஒன்று.
தொட்டி மூடியில் இறங்கி, இறகைச் சிலுப்பிக்கொண்டது.

ஆட்டமா, நோயின் மிச்சமா?
ஒன்று என்று எழுத நோட்டை எடுத்தேன்.
முன்பக்கமா, பின்பக்கமா என்று
கையில் வைத்தபடி நிற்கிறேன்.