ஆயிரத்துப் பதினேழு

கிளாக்ஸ்விக் துறைமுகம்.
மீன் ஏலக்கூடத்தின் மேல்மாடி.
ஜன்னலில் உப்புப் படிந்து பிப்ரவரி மங்கலாகத் தெரிகிறது.
சுன்னிவா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
கறுப்புத் திரையில் இரண்டெழுத்து தட்டுகிறாள்:
எல், எஸ்.

என்ன இருக்கிறது இங்கே?
அவ்வளவுதான் கேள்வி.
எதையும் திறக்காது, எதையும் தொடாது.
வாசலில் நின்று எட்டிப் பார்த்து
பெயர்களைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இறக்குமீன்_ஜனவரி
இறக்குமீன்_ஜனவரி_சரியானது
இறக்குமீன்_ஜனவரி_சரியானது_இதுதான்

மூன்றில் எது சரி என்று அது சொல்லாது.
அகரவரிசையில் நிறுத்துவதோடு
அதன் பொறுப்பு முடிந்தது.

ஒரு சிறுகோடு, ஒட்டியபடி இன்னொரு எல்.
இப்போது ஒவ்வொரு பெயரும் சாதகத்தோடு வருகிறது:
யார் படிக்கலாம், யார் எழுதலாம்,
யாருடையது, எத்தனை பைட்,
கடைசியாகக் கைபட்டது எப்போது.
உடைமையாளர் பத்தியில் பதினொரு வருடமாக
பெயருக்குப் பதில் ஓர் எண்.
1017.

பெயர் இருந்தது ஒரு காலத்தில். ஹொக்னி.
காட் மீனின் எடையை எழுதிக்கொண்டிருந்தவன்
ஒரு செவ்வாய்க்கிழமை வேலையை விட்டான்.
கணக்கை நீக்கினாள் சுன்னிவா, விதிப்படி.
கோப்புகளை நீக்க மனம் வரவில்லை, அல்லது நேரம்.
பெயர் உதிர்ந்த இடத்தில் எண் தெரிந்தது,
படம் விழுந்த சுவரில்
ஆணி தெரிகிற மாதிரி.

செத்துப்போனான் என்று நினைத்துவிட வேண்டாம்.
கீழேதான் இருக்கிறான். சொந்தப் படகு வாங்கிவிட்டான்.
வாரம் மூன்று நாள் பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று
விலை கட்டுப்படியாகவில்லை என்று கத்துகிறான்.
தரைப்பலகை வழியாக மேலே கேட்கும்.

திங்களன்று புதிதாக ஒருத்தி சேர்ந்தாள், ரன்வா.
கணக்குத் திறக்கும்போது
பட்டியலில் ஒரு காலியிடம் கண்டு
அந்த எண்ணையே தட்டிவிட்டாள் சுன்னிவா,
அலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டே.

மறுநாள் காலை
பட்டா மாறியிருந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு கோப்பு,
அத்தனையும் ரன்வா பெயரில்.
"இரண்டாயிரத்து ஒன்பது மார்ச்சில்
இதையெல்லாம் நானா எழுதினேன்?
அந்த மார்ச்சில் எனக்கு முன்பல் விழுந்தது."

சுன்னிவா பதில் சொல்லாமல்
சிறுகோட்டுக்குப் பின்னால் ஓர் 'ஏ' சேர்த்தாள்.
மறைந்திருந்தவை எழுந்து வந்தன.
ஒற்றைப் புள்ளி: நிற்கிற இடம்.
இரட்டைப் புள்ளி: இதைப் பெற்ற இடம்.
அப்புறம், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தவை.
நம் எழுத்தில் தலைமேல் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் மிஞ்சும்;
இங்கே முன்னால் வைத்தால்
பெயரே வாய்மூடிக்கொள்ளும், கேட்டால் ஒழிய.

அவற்றில் ஒன்றின் பெயர்: அழிக்காதே.
அளவு, பூஜ்யம்.
உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.
சொல்ல வேண்டியதைப் பெயரிலேயே சொல்லி
நிறுத்திக்கொண்ட கோப்பு.

இருவரும் கீழே இறங்கிப் போய்க் கேட்டார்கள்.
ஹொக்னி கையில் ஒரு ஹாடக் மீன்,
அதைப் பெட்டிக்குள் போடவும் மறந்து யோசித்தான்.
"எதற்காக என்று எனக்கே ஞாபகமில்லை.
ஆனால் அழிக்காதீர்கள்."

மதியத்துக்குள் எல்லாம் சீராயிற்று.
ரன்வாவுக்கு வேறு எண்.
நானூற்றுப் பதினொன்று
மறுபடி 1017-இன் கீழ் போய் நின்றன.
"அந்தப் பூஜ்யத்தை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்"
என்று கேட்டாள். ஏன் என்று சுன்னிவா கேட்கவில்லை.

எல், எஸ், இடைவெளி, சிறுகோடு, எல், ஏ.

உடைமையாளர்: ரன்வா.
அளவு: 0.
தேதி மட்டும் மாறவில்லை,
2011 அக்டோபர் 4,
மாலை ஐந்து ஐம்பத்தெட்டு,
ஏலக்கூடம் மூட இரண்டு நிமிடம்.