மூன்றும் இல்லை

இரவு இரண்டு தரம் கரண்ட் போனதில்
ஒருநாள் பிந்தியது சித்தி நளீமாவின் தகடு.

நுணுக்குக்காட்டிக்குள் ஒரே நீலம்:
காற்றில்லாத மத்தியானத்தில் உள்துறைமுகம்.
ஈஆர் இல்லை. பீஆர் இல்லை.
ஹெர்-டூவுக்கு,
கலங்களின் விளிம்பில் ஒரு கீறும் இல்லை.

சாயம் பிழைத்ததோ?
பக்கத்தில் ஒட்டிய ஒப்பீட்டுத் துண்டு
பிளேன்ரீ நிறத்தில் ஊறியிருக்கிறது.
எவளுடையதோ.
எட்டு வருடமாய் மெழுகுக்குள் கிடந்தவள்
சாயத்தில் பிழையில்லை என்கிறாள்.

கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"மூண்டும் நெகட்டிவ் எண்டா
நல்லந்தானே மிஸ்?"

வாசலில் புள்ளிமான் ஒன்று
யாரோ எறிந்த சோற்றுத்தாளை மென்றபடி நிற்கிறது.
இதே சொல்லை
காசநோய்க்கு, கொரோனாவுக்கு
எத்தனை பேருக்குச் சிரித்துக்கொண்டு நீட்டியிருக்கிறேன்.

மின்விசிறியை நிறுத்தி
மற்றக் கதிரையை இழுத்துப் போடுகிறேன்.