ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகளுக்குள்

கேள்வி ஏழு:
இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?
ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகளுக்குள் விவரிக்கவும்.

பெரும்பாக்கம், எழுபத்து நான்காம் பிளாக்.
எட்டு மாடி, இரண்டு லிஃப்ட்.
ஒன்று நாங்கள் குடிவந்த அன்றே நின்றது,
உள்ளே யாருடையதோ ஒரு சிமெண்ட் மூட்டையோடு.
மற்றது கரண்ட் இருந்தால் ஓடும்,
மனசு வந்தால் திறக்கும்.

நாங்கள் கேட்பது நாற்காலி.
இருபுறமும் கழி, மார்புக்கு ஒரு பெல்ட்,
நாலு பேர் தூக்கித் திரும்பினால்
சுவரில் இடிக்காத அகலம்.
ஜெபசீலி தையல் டேப்பால் அளந்தாள்:
திருப்பத்தில் மூன்றடி ஓரங்குலம்.
பிளாக்குக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வேண்டும்.

மூன்று கடை விலைப்புள்ளி இணைக்க வேண்டுமாம்.
பாரிமுனைக்குப் பஸ் மாறிப் போனோம்.
முதல் கடைக்காரர் எழுதிக் கொடுத்தார்.
இரண்டாவதையும் அவரே கொடுத்தார்,
தம்பி கடை லெட்டர்பேடில், நூறு ரூபாய் கூட்டி.
மூன்றாவதுக்கு
மச்சான் வரும்வரை உட்காரச் சொல்லி
டீ வாங்கிக் கொடுத்தார்.

தலைவர் நஸ்ரின். செயலாளர் ஜெபசீலி.
பொருளாளர் நான்.
பொருள் இனிமேல்தான் வர வேண்டும்.

'பயனாளிகள் எத்தனை பேர்?'
"இறங்க முடியாதவங்க மட்டுமா,
தூக்குறவங்களையும் சேத்தா?" என்றாள் நஸ்ரின்.
பிரவுசிங் சென்டரில் மணிக்கு நாற்பது ரூபாய்.
சேர்த்தே போட்டோம்.

ஏழாவதில்
கோதண்டம் அண்ணனை எழுதினேன்.
கூவம் கரையில் தரையோடு தரையாக இருந்தவர்,
குலுக்கலில் ஏழாம் மாடி விழுந்தது.
வேலை ஓ.எம்.ஆரில் இரவுக் காவல்,
அந்தக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட்.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி, நெஞ்சுவலி.
மகள் கல்யாணத்துக்கு வந்த போர்வை,
இரண்டு மயில் போட்டது,
நாலு முனைக்கு நாலு பேர்.
கீழே ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றச் சுற்ற
படிக்கட்டுச் சுவர் சிவந்து சிவந்து அணைந்தது.
கை மாற்ற, நான்காம் மாடித் திருப்பத்தில் இறக்கினோம்.
"மெதுவாப்பா, அவசரமில்ல," என்றார்.
மறுபடி தூக்கும்போது பேச்சில்லை.

பெட்டியின் ஓரத்தில் எண் சிவப்பானது.
இருநூற்றுப் பன்னிரண்டு கூடுதல்.

கம்ப்யூட்டருக்கு எழுத்துக் கணக்கு வேறு.
கோதண்டம், நமக்கு ஐந்து, அதற்கு எட்டு.
கொம்புக்குத் தனி, புள்ளிக்குத் தனி.
உயிரெழுத்து எப்போதும் ஒன்றுதான்.
மெய்தான் இரண்டாகிறது.
தூக்கிய எங்களுக்கு
அந்தக் கனம் புதிதில்லை.

முதலில் மயிலை எடுத்தேன்.
பிறகு ஆம்புலன்ஸ் விளக்கை.
ஆறு லிஃப்டை எடுக்க மனமில்லாமல்
கூவத்தை எடுத்தேன்.
"அவசரமில்ல" என்பதற்கு மேல்
கொஞ்ச நேரம் கர்சர் துடித்தது.
சென்டர்காரப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
"அக்கா, ஆறு மணியோட சைட்டு மூடிடும்" என்றான்.

கடைசியில் மீந்தது:
ஆண், வயது 58, இதய நோய்,
உரிய சாதனம் இல்லாததால் தாமதம்.
பச்சை விழுந்தது. அனுப்பினேன்.

பதினான்கு இலக்கத்தில் ஒரு விண்ணப்ப எண்.
தொண்ணூறு வேலை நாட்களில் பதில்.

அன்று லிஃப்ட் ஓடியது.
ஏழில் இறங்கினேன்.
அஞ்சுகம் அக்கா
கைப்பிடிச் சுவரோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.
"அவரு பேரு போட்டியா?"
"இடம் பத்தலக்கா."
வாயில் கிளிப்பைக் கடித்தபடி
சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.
பிறகு பக்கெட்டிலிருந்து போர்வையைத் தூக்கி
ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம்.
மயில் கழுத்து வரைக்கும் தண்ணீர்,
நிற்கவே இல்லை.
நாலாம் மாடியிலிருந்து யாரோ
எங்களைத் திட்டத் தொடங்கினார்கள்.