ழகரத்து வால்

சங்ககிரி பைபாஸில், பட்டறைகளுக்கு நடுவே
லாரி ஸ்டிக்கர் கடை.
கணினி கண் விழிக்கப் பதினோரு நிமிஷம்.
அதற்குள் பொங்கியண்ணன்
ஒரு டீயும் ஒரு சண்டையும் முடித்துவிடுவார்.

"கழுவி உட்ருங்கொ அம்மிணி.
ஆனா நம்முளுது ஒண்ணும் போயறக் கூடாதுங்கொ."

நம்முளுது எது?
அது அவருக்கும் தெரியாது.

திறந்தேன்.
எழுத்துருக்கள் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம்.
காலாவதியான வைரஸ் காவலர்கள் மூவர்,
ஒருவரையொருவர் சந்தேகித்தபடி.
சீர்வரிசைத் தட்டுகள், ரோஜாச் சட்டங்கள்,
யாரோ பாதியில் விட்ட சீட்டாட்டம்.
‘புதுசு’, ‘புதுசு கடைசி’, ‘கடைசி இதுதான்’,
‘கடைசி இதில்லை’.

முதலில் எல்லாவற்றையும், குப்பையோடு குப்பையாய்,
வெளித்தட்டில் நகல் எடுத்தேன்.
போன வருஷம் பள்ளிபாளையத்தில்
ஒரு தறிக்காரரின் ஆறு மாதக் கணக்கைத்
தொலைத்தவள் நான்.

பிறகு ஒவ்வொன்றாய்.
விலக்கி, அணைத்து, மறுபடி ஏற்றி,
பழைய லாரி ஒன்றின் கோப்பைத் திறந்து பார்த்து,
அப்புறம்தான் அடுத்தது.
ஒரே பெயரில் இரண்டிருந்தால்
கம்பெனி முத்திரை உள்ளது இருக்கட்டும்,
மற்றது போகட்டும்.
திரையில் ‘அண்ணன்மார் துணை’
ஒரு புள்ளி நகரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம்
நாற்பது விநாடியில் எழுந்தது பெட்டி.
பொங்கியண்ணன் டீ கிளாஸோடு நின்றார்,
மிச்சமான பத்து நிமிஷத்தை என்ன செய்வதென்று.

சாயங்காலம் பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்று,
டி.என். ஐம்பத்திரண்டு, பெயின்ட் வாசம் போகாதது.
கண்ணாடிக்கு மேலே மகள் பெயர் வேண்டும்:
மகிழினி.
கத்தி ஓடியது. சிவப்பு வினைல்.
தனக்கொடி இடுக்கியால் வேண்டாததை உரிக்க
ழியின் வால் கூடவே வந்தது.
இன்னொரு தாள், அழுத்தம் குறைத்து.
வந்தது.
புதுக் கத்தி, மூன்றாம் தாள்.
வந்தது.
"முன்னெல்லாம் இப்பிடி வராதுங்க"
என்று தாளிடம் சொன்னாள், என்னிடம் அல்ல.
டிரைவர் மணி பார்த்தார்.
ராத்திரிக்குள் சிமெண்டு ஏற்ற வேண்டுமாம்.

வெளித்தட்டைச் செருகினேன்.
நான் எடுத்தெறிந்த இரட்டையைத்
தங்கியதன் பக்கத்தில் வைத்து
எண்ணூறு மடங்கு பெரிதாக்கினேன்.
அகரம் அதே அகரம். ககரம் அதே.
ழகரத்தில் மட்டும், வால் திரும்பும் கழுத்தில்,
மயிரிழை அளவு கூடுதல் சதை.

"அது நம்ம வேலுச்சாமி வேலையா இருக்கும்."
நம்பர் கொடுத்தார் அண்ணன்.
சத்தீஸ்கரில் எங்கோ
ரிக் பாறையைக் குடைகிற சத்தத்துக்குள்ளிருந்து
ஒரு குரல் கத்தியது:
"அதுங்களா? உரிக்கறப்ப அந்த முக்குலயே பிஞ்சுட்டிருந்துச்சு.
ஒரு நா ரவைக்கு ஒக்காந்து துளி தடிப்பாக்குனேன்.
இன்னுமா அதுலயே வெட்டறீங்கொ?"
நூற்றெண்பது அடி, இன்னும் தண்ணி இல்லை என்றும் சொன்னார்.
லைன் போய்விட்டது.

முத்திரை உள்ளதை எடுத்தேன்,
இல்லாததைத் திரும்ப வைத்தேன்.
அவர் பெயரையே அதற்கு இடலாமென்று கை போனது.
இட்டால், பழைய பெயரைக் கூப்பிடும்
ஆயிரத்து முந்நூறு லாரிகளுக்கும்
பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.
விட்டுவிட்டேன்.

மகிழினி ஏறிப் போனாள்.
டிரைவர் இருபது ரூபாய் குறைத்தே கொடுத்தார்.

கத்தரித்த தாளின் ஓரத்தில்
நாலு விரல் அகலம் மிச்சமிருந்தது.
அதில் ஒரே சொல் அடித்தேன்.
தனக்கொடி மூச்சடக்கி உரித்தாள்,
வால் நின்றது.
பெட்டியின் நெற்றியில் ஒட்டினோம்:
அழிக்காதே.

உரித்த சுருள் முழங்கையில் ஒட்டியிருந்ததை
எடப்பாடி பஸ்ஸில்தான் பார்த்தேன்.
ழகரத்தின் உள்வயிறு,
சிவப்பாய், கடுகளவு.