அசையாச் சொத்து

வால்விஸ் பே. தொண்ணூற்று நான்கு, பிப்ரவரி.
மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள்.
மீன் ஆலை சங்கு ஊதினால் ஊரே மூக்கைப் பொத்தும்.
நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
ஒரு தேசத்தின் மண்ணை இன்னொரு தேசத்துக்குத்
தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தோம்.

நமீபியா விடுதலையாகி நாலு வருஷம்.
துறைமுகம் மட்டும் தென்னாப்பிரிக்காவிடமே இருந்தது,
இரவல் வாங்கியவன் திருப்பித் தராத குடை மாதிரி.

ஓபர்ஹோல்ஸர் வாசிப்பார், நான் அடிப்பேன்.
"கப்பல் மேடை. நல்ல நிலையில்.
தண்ணீர்த் தொட்டி, ஒன்று. துரு.
கல்லறைத் தோட்டம், வெள்ளையர். வேலியுடன்.
கல்லறைத் தோட்டம், மற்றவர். வேலி..."
நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார்.
"வேலியை எடுத்துவிடு."
என் அப்பா அங்கேதான் கிடந்தார்,
வடக்கிலிருந்து ஒப்பந்தக் கூலியாய் வந்து
மத்தி மீன் டப்பாவுக்கு மூடி போட்டவர்.
வரிசை எண் அறுபத்து மூன்று.
அவரையும் சேர்த்துத்தான் அடித்தேன்.

நான்கெல்லை எழுதும்போது சிக்கல்.
மேற்கே கடல், சரி.
வடக்கே ஸ்வாகோப் ஆறு;
ஆறு என்று பேர், அதில் நீர் பார்த்து ஆறு வருஷம்.
கிழக்கே மணல்.
தெற்கே மணல்.
"எந்த மணல்?" என்றேன்.
போன வருஷம் அளந்த குன்று
எல்லைக்கல் ஒன்பதை விழுங்கிவிட்டு
இரண்டு அரசாங்கத்தையும் கேட்காமல்
நாற்பது அடி தள்ளிப் போயிருந்தது.
பத்திரம் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, சாட்சி இல்லை.
"அசையாச் சொத்து என்றே போடு."
போட்டேன்.

புல்லும் பூமியும் உள்ளவரை என்று முடிக்கலாம்.
புல்லுக்கு எங்கே போவது.
தாரை வார்க்கவும் கைநீர் இல்லாத ஊர்;
விடிகாலைக் கடல்மூட்டம் தகரக் கூரையில் இறங்கி
ஓட்டை வழியாகப் பதிவேட்டில் சொட்டியது.
ஓபர்ஹோல்ஸர் ஒற்றுத்தாள் கேட்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டு: குய்செப் ஆற்றுமுகம். அரசு நிலம்.
பயன்பாடு: இல்லை.
குடியிருப்போர்:
"ஐயா, அங்கே டோப்னார் ஜனங்கள் நாரா பறிக்கிறார்கள்."
"பட்டா இருக்கிறதா?"
இல்லை.
"அதைத்தான் அடி."

நள்ளிரவில் ஒரு கொடி இறங்கி ஒரு கொடி ஏறியது.
நானும் அழுதேன், மறைக்கவில்லை.
அவர் நாயோடு அப்பிங்டன் போய்விட்டார்.
மேசையும் நாற்காலியும் என் தட்டச்சு எந்திரமும்
நானும்
இருந்த இடத்திலேயே நாடு மாறினோம்.

மார்ச்சில் கழுதை வண்டி வந்து நின்றது.
கத்ரீனா தௌசாஸ், அரைச் சாக்கு நாரா விதையோடு.
"எங்களை எந்தத் தேசம் யாரிடம் வாங்கியது?
ரசீதைப் பார்க்க வேண்டும்."
புது அதிகாரி அமுன்யேலா சிறையில் இருந்தவர்,
நல்ல மனுஷர்; நாற்காலி இழுத்துப் போட்டார்.
பதிவேட்டில் விரல் ஓட்டி, இருநூற்றுப் பன்னிரண்டில் நின்று
"ஆள் இல்லை என்று இருக்கிறதே அம்மா" என்றார்.
அவள் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தாள்.
ஓர் எழுத்தின் தலை தேய்ந்த அந்த அச்சு யாருடையது என்று
அவருக்குத் தெரியாது.

நான் எழுந்து சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழுதையின் மூச்சு மட்டும்.
பிறகு அமுன்யேலா புதுத்தாள் ஒன்றை நீட்டினார்.
செருகினேன்.
குடியிருப்போர் என்று அடித்து
"பேர் சொல்லுங்கள்" என்றேன்.
அவள் தன் பேரில் தொடங்கவில்லை.
கிழக்கு ஓரத்து முதல் நாராப் புதரில் தொடங்கினாள்,
எது யார் வீட்டுப் புதர் என்று,
ஒவ்வொரு பேரையும் நாக்கால் சொடுக்கிச் சொடுக்கி.

அந்தச் சொடுக்குக்கு என் எந்திரத்தில் எழுத்து இல்லை.
விரலைத் தூக்கியபடி
கேட்டுக்கொண்டிருந்தேன்.