நாற்பத்திரண்டு வினாடி

வெள்ளி இரவு திருப்பூரில் ஏறினால்
விடியும்போது வேய்ந்தான்குளம்.
பேருந்து நிலையக் குழாயில் முகம் கழுவி
ஆறு நாள் கம்பெனி வாசனையை
ஒரு காட்டன் சேலைக்குள் மடித்து வைத்துக்கொண்டு
பேட்டை தாண்டிப் போகும் டவுன் பஸ்ஸில்
பல்கலைக்கழகம் போகிறேன்.

அங்கே என் பெயர் தொழில்முறைப் பேராசிரியர்.
படிவத்தில் முனைவர் பட்டம் என்றொரு கட்டம்.
கோடு போட்டேன்.
அனுபவம்: பத்தொன்பது வருஷம்.
பான் கார்டு நகல், ரத்து செய்த காசோலை ஒன்று.
மணிக்கு எண்ணூறு, வரும் வரும் என்றார்
அலுவலகத்துக் கோமதிநாயகம்.
எப்போது என்று நானும் கேட்கவில்லை.

எனக்கு முந்தின வாரம் வந்தவர்
சென்னையில் ஃபேஷன் ஷோ நடத்துகிறவர்.
கனவு, உடல்மொழி, மழைக்கால நிறங்கள் என்று
பலகை முழுக்க எழுதிவிட்டுப் போயிருந்தார்.
துடைத்துவிட்டு எழுதினேன்:
சட்டைக்குக் காலர் வைக்க நாற்பத்திரண்டு வினாடி.

அந்த எண் என்னுடையது.
மூன்றாம் லைனில் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால்
ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, பத்துச் சுற்று பிடித்து,
வகுத்து எடுத்தது.
பதினொரு வருஷமாக விலைப்பட்டியலில் ஏறி
ஹாம்பர்க் வரைக்கும் போய் வருகிறது.
நான் போனதில்லை.

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.
முப்பிடாதி மட்டும் பேனாவை மூடினாள்.
அவள் மதினி கங்கைகொண்டானில் தைக்கிறாளாம்.
"மேடம், அந்த நாப்பத்திரெண்டுல
நூலு அத்தா கோக்கது சேந்துருக்கா?"
சேர்ந்திருக்கு. சலுகை நேரம், பதினைந்து சதவீதம்.
"தண்ணி குடிக்கது?"
அதுவும்.
"ஒண்ணுக்குப் போகது?"
வகுப்பு சிரித்தது. நானும்தான்.
எல்லாம் அந்தப் பதினைந்துக்குள்ளே என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து செய்யது மசூது:
"ஒருக்கா தச்சுக் காட்டுங்க மேடம்,
நாங்க டைம் பிடிக்கோம்."

லேபில் ஆறு மெஷின். நாலு ஓடும்.
ஓடுவதில் ஒன்றில் உட்கார்ந்தேன்,
பதினான்கு வருஷத்துக்குப் பிறகு.
ஜன்னலில் வந்த சாரல் காற்று
காலர் துண்டைப் புரட்டிப் போட்டது.
முழங்கால் தானே போய்த் தூக்கியைத் தொட்டது,
அதற்கு மறக்கவில்லை.
கண்ணுக்குத்தான்
வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரியவில்லை.
பின்கழுத்து வளைவில் ஊசி முறிந்தது.
"வாட்ச் ஓடுது மேடம்!" என்று கத்தினான் மசூது.

என் வாக்கியம் அது.
யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை,
வாட்ச்சைக் கையில் கொடுத்ததைத் தவிர.

எழுபத்தொன்று.
புது ஊசி போட்டு அறுபத்தெட்டு.
மூன்றாம் தடவை சிரிப்பில்லை. அறுபத்தொன்பது.

முப்பிடாதி என் எண்ணை அழிக்கவில்லை.
பக்கத்தில் இதை எழுதினாள்.
கேள்விக்குறி ஒன்று போடப் போனவள்
என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போடாமல் வந்தாள்.
பழகினால் குறையும் என்றேன்.
உண்மைதான்.

பிறகு, ஊசி முறிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நடத்தினேன்.
எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை லைன் நிற்க வேண்டும்,
கிடைத்ததைப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும்.
செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு
எட்டுப் பேர் மேஜைக்கடியில் குனிந்தார்கள்.
இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை.
அன்றைக்கு நான் நன்றாக நடத்தியது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை பையர் அழைத்தார். காலர்?
நாற்பத்திரண்டு என்றேன்.
வாய் தானே போய்ச் சொன்னது, முழங்காலைப் போல.

வியாழன் இரவு துவைக்க எடுத்தபோது
சேலைக் கொசுவத்தில் இருந்தது முனை, எள்ளளவு.
டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும்,
கூடவே பான் கார்டு நகல் இன்னொன்று.
முதலில் கொடுத்ததில் முகம் தெரியவில்லையாம்.